கல்யாணப் பாட்டை எடுத்துக் கொடுப்பது யார்?

"அப்புச்சி, உங்களுக்குத்தான் பழைய பாட்டெல்லாம் அத்துப்படி. எங்க டான்ஸுக்கு ஒரு பாட்டு எடுத்துக் கொடுங்க."

போன பங்குனியில் என் மகள் வயிற்றுப் பேத்தி கோயமுத்தூரிலிருந்து போனில் இப்படிக் கேட்டாள். வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். முதல்நாள் மாலை வரவேற்பில் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் சேர்ந்து ஆடுவார்களாம். ஆட்டம் சொல்லிக்கொடுக்க ஒரு பையன் வருகிறானாம். பாட்டு இரண்டரை நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாதாம்.

"ஏன் கண்ணு, ஆடியே ஆகோணுமா?" என்றேன்.

"இப்ப எல்லாருமே ஆடறாங்க அப்புச்சி. நாங்க மட்டும் பொம்மை மாதிரி நின்னுட்டு இருக்கறதா?"

அதற்கு மேல் நான் பேசவில்லை. கல்யாணத்துக்குப் பாட்டு எடுத்துக் கொடுப்பது எனக்குப் புது வேலையும் இல்லை. மின்வாரியத்தில் சேர்வதற்கு முன்பு, பள்ளிக்கூடத்து லீவில், மைக்செட் வேலைக்குப் போனவன் நான். பதினாறு வயதில் ஊர் முழுக்க என்ன பாட்டுக் கேட்க வேண்டும் என்று தீர்மானித்தவன். ஆகவே சரி என்று சொல்லிவிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு திண்ணையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் ஒன்று தோன்றியது. நம்முடைய காங்கேயம் பக்கத்துக் கல்யாணங்களில் பாட்டை இதுவரைக்கும் யார் தேர்ந்தெடுத்தார்கள்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில் பிறந்தது.

முதலில் ஒரு காலத்தில் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. இருந்தது ஒரே பாட்டு. மங்கல வாழ்த்து.

கொங்கு வெள்ளாளர் வீட்டுக் கல்யாணம் பார்த்த என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். நம் பக்கத்தில் சீர்களை நடத்தி வைப்பவர் அருமைக்காரர். முகூர்த்தக்கால் நடுவது, நாட்டார்கல் சீர், மாப்பிள்ளையோடு அவருடைய சகோதரியை உட்கார வைத்துச் செய்யும் இணைச்சீர், உருமால் கட்டு என்று ஒவ்வொன்றாக நடக்கும். தாலி கட்டி முடிந்ததும் குடிமகன் முன்னால் வந்து நிற்பார். குடிமகன் என்று எங்கள் பக்கத்தில் சொல்வது நாவிதரை. அவர்தான் மங்கல வாழ்த்துச் சொல்வார். ஒரு அடி முடிந்ததும் மேளக்காரர் மேளத்தில் ஒரு தட்டுத் தட்டுவார். அடுத்த அடி, அடுத்த தட்டு. நிதானமாகச் சொன்னால் அரை மணியை நெருங்கும்.

கம்பர் பாடியது என்று வழிவழியாகச் சொல்வார்கள். பாடியது யாராக இருந்தாலும், பல தலைமுறை வாயில் புழங்கிப் புழங்கி வளர்ந்த பாட்டு என்பது கேட்டாலே தெரியும். பிள்ளையாரைக் கும்பிட்டுத் தொடங்கும். பிறகு கல்யாணத்தையே வரிசையாகச் சொல்லும். பந்தல் எப்படிப் போட்டார்கள், சொந்தபந்தம் எப்படி வந்து சேர்ந்தது, எந்தச் சீரை எந்தச் சீருக்குப் பின்னால் செய்தார்கள், என்னென்ன நகை, என்னென்ன பதார்த்தம் என்று ஒன்று விடாமல் சொல்லி, கடைசியில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாழ்த்தி முடிக்கும். எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் நம் கல்யாணத்துக்கு விதிமுறைப் புத்தகம் இந்தப் பாட்டுத்தான். ஒரு சீர் மறந்து போனால் பாட்டு ஞாபகப்படுத்தும்.

இதில் இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த அரை மணி நேரம் பந்தலுக்கே நடுநாயகமாக நின்றவர், மற்ற நாளெல்லாம் எங்கள் வாசலுக்கு வெளியே நின்றவர். வருஷக் கூலியைக் களத்துமேட்டில் தானியமாக அளப்பார்கள். அவருடைய வாயால் வாழ்த்து வாங்கிக்கொண்ட வீட்டில் அவருக்குச் சோறு கடைசிப் பந்திக்குப் பிறகுதான். ஐம்பது வயது மனுஷரைப் பத்து வயதுப் பையன் "வா, போ" என்பான். நானும் சொல்லியிருக்கிறேன்.

நாயனக்காரர்களின் பங்கு தனி. தாலி கட்டும் நேரத்தில் தும்மலோ அபசகுனமான சொல்லோ காதில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் கெட்டிமேளம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1962-ல் "கொஞ்சும் சலங்கை" வந்தது. காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் எஸ்.ஜானகியின் குரலும் சேர்ந்து வந்த பாட்டைக் கேட்டபிறகு, எந்த ஊர் நாயனக்காரரையும் அதை வாசிக்காமல் ஜனங்கள் விட்டதில்லை. சினிமா முதலில் நாயனம் வழியாகத்தான் எங்கள் பந்தலுக்குள் நுழைந்தது என்று நினைக்கிறேன். ஆனால் அதற்கெல்லாம் ஒரு எல்லை இருந்தது. கெட்டிமேளம் முடிந்ததும் எல்லோரும் அடங்குவார்கள். குடிமகன் தொண்டையைச் செருமுவார். குழந்தைகளைத் தாய்மார் அதட்டுவார்கள்.

அந்த எல்லையை உடைத்தது மைக்செட்.

மின்வாரியத்துக்காரன் என்பதால் இதன் காரணத்தைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். 1932-ல் பைக்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். அந்தக் கரண்ட் கோயமுத்தூர் மில்லுக்கு வந்தது, பிறகு மெல்ல மெல்லக் காட்டுக் கிணறுகளுக்கு வந்தது. ஏற்றம் இறைத்த கிணற்றில் மோட்டார் ஓடியது. கிணற்றுக்குக் கம்பம் வந்த ஊரில் கல்யாணப் பந்தலுக்குக் கரண்ட் எடுப்பது பெரிய காரியம் இல்லை. தண்ணீருக்காக வந்த கம்பியைப் பிடித்துக்கொண்டே பாட்டும் ஊருக்குள் வந்தது.

எங்கள் மைக்செட்டில் ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ரெக்கார்டு பிளேயர், இரண்டு குழாய், ஒரு பெட்டி நிறைய ரெக்கார்டு. அரக்கில் செய்த தட்டுகள் அவை. கை தவறினால் ஓட்டாஞ்சில்லு மாதிரி உடைந்து போகும். ஒரு பக்கம் மூன்று நிமிஷம் சொச்சம்தான் ஓடும். (ஆட்டம் சொல்லித்தரும் பையன் கேட்ட இரண்டரை நிமிஷம் எனக்கு விநோதமாகப் படாததற்கு அதுவும் ஒரு காரணம்.) விடியற்காலையில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பிள்ளையார் பாட்டைப் போட வேண்டும். பெண் வரும்போது "மணமகளே மருமகளே". அது 1958-ல் வந்த "பானை பிடித்தவள் பாக்கியசாலி" படத்துப் பாட்டு. படம் யாருக்கும் நினைவில்லை, பாட்டு இன்றுவரை சாகவில்லை. பிறகு 1961-ல் வந்த "பாசமலர்" படத்தின் "வாராயென் தோழி". கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசையமைத்து, எல்.ஆர்.ஈஸ்வரி பாடியது. அதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை போட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

யார் கேட்டு இதையெல்லாம் போட்டோம்? பெண்ணும் கேட்கவில்லை, மாப்பிள்ளையும் கேட்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் போட்டேன். யார் வீட்டுக் கல்யாணத்திலோ, அரைக்கால் சட்டைப் பையன் ஒருவன் பாட்டைத் தீர்மானித்தான்.

1966 வைகாசியில் நடந்ததை இப்போது சொல்லியாக வேண்டும். காங்கேயத்துக்குக் கிழக்கே ஒரு ஊரில் கல்யாணம். தென்னை மரத்தில் ஒரு குழாய் பந்தலைப் பார்த்தும் ஒரு குழாய் ரோட்டைப் பார்த்தும் கட்டியிருந்தோம். முகூர்த்த நேரத்தில் மைக்செட் அண்ணன் டீ குடிக்கப் போய்விட்டார். கெட்டிமேளத்துக்கு ஊசியை எடுத்துவிட வேண்டும், மேளம் நின்றதும் திரும்ப வைக்க வேண்டும் என்பது எனக்குப் பாடம். எடுத்தேன். மேளம் நின்றது. "பாசமலர்" தட்டில் ஊசியை வைத்தேன்.

அப்போதுதான் குடிமகன் மங்கல வாழ்த்தைத் தொடங்கியிருந்தார். ஒரு அடி சொல்லி நிறுத்தினார். குழாயை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் பெரியவர்கள் யாராவது கை காட்டுவார்களா என்று பார்த்தேன். ஒருவரும் காட்டவில்லை. பந்தியைப் பார்ப்பதும், மொய் எழுதுவதும், வந்தவரை "வாங்க" என்பதுமாக இருந்தார்கள். அவர் மறுபடி தொடங்கினார். வாய் அசைவது தெரிந்தது. காதில் விழுந்தது எல்.ஆர்.ஈஸ்வரியின் குரல். ஒவ்வொரு அடிக்கும் மேளக்காரர் தட்டிய தட்டு மட்டும், சினிமாப் பாட்டின் தாளத்தோடு ஒட்டாமல், நடுநடுவே கேட்டது.

ஊசியை எடுக்க எனக்கு இரண்டு விநாடி போதும். எடுக்கவில்லை. ஒரு பக்கம் முடிந்ததும் தட்டைத் திருப்பிப் போட்டேன்.

இதே காலத்தில், காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஓலப்பாளையத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் 1964-ல் அங்கே வந்து தங்கினார். 1966 வரை இருந்தார். பிற்காலத்தில் கனடாவில் பேராசிரியராக இருந்தவர். கொங்குச் சமூகத்தைப் பற்றி 1972-ல் அவர் வெளியிட்ட ஆங்கில நூலை இன்றும் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். 1965-ல் அவர் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, பொன்னர் சங்கர் கதையை உடுக்கடித்துப் பாடியவர்கள் பாடப் பாட, பல இரவுகள் விடாமல் பதிவு செய்தார். அது பின்னால் தமிழும் ஆங்கிலமுமாக இரண்டு பாகம் புத்தகமாகவும் வந்தது. கடல் கடந்து வந்த ஒரு பெண் நம்முடைய பாட்டை ஒரு சொல் விடாமல் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார். சில மைல் தள்ளி, உள்ளூர்ப் பையன் நான் குழாய் வைத்து அதை அமுக்கிக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் பாட்டுத் தேர்வு கைமாறிக்கொண்டே போனது. சுயமரியாதைத் திருமணங்கள் பெருகின. ஈரோடு பக்கத்தில் இருக்கும்போது எங்களுக்கு அது தூரத்துச் சங்கதி இல்லை. 1967-ல் அண்ணா ஆட்சியில் அந்தத் திருமணங்களுக்குச் சட்டத்தின் அங்கீகாரமும் வந்தது. அங்கே பாட்டுக்குப் பதில் பேச்சு. ரோஸ் காகிதத்தில் அச்சடித்த வாழ்த்து மடலை ஒருவர் வாசிப்பார். கடைசியில் அச்சகத்தின் பெயரையும் சேர்த்து வாசித்துவிட்டுத்தான் இறங்குவார்.

1976-ல் எனக்குக் கல்யாணம் ஆனது. அன்றைக்கும் மைக்செட் உண்டு; 1967-ல் வந்த "பேசும் தெய்வம்" படத்தின் "நூறாண்டு காலம் வாழ்க" பாட்டு ஓடியது நினைவிருக்கிறது. மங்கல வாழ்த்தும் சொன்னார்கள். 1966-ல் பார்த்த அதே மனுஷர்தான் வந்து சொன்னார், தலை நரைத்திருந்தது. என்ன சொன்னார் என்று நானும் கேட்கவில்லை. போட்டோக்காரர் இந்தப் பக்கம் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எண்பதுகளில் கேசட் வந்தது. பட்டியல் எழுதிக் கடையில் கொடுத்தால் கேட்ட பாட்டைக் கேட்ட வரிசையில் பதிந்து தருவார்கள். அப்போதுதான் முதன்முதலாகக் கல்யாண வீட்டுக்காரர்களே பாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 1998-ல் என் மகள் கல்யாணத்துக்கு மெல்லிசைக் குழு வைத்தோம். நேயர் விருப்பம் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். மண்டபத்தை ஒரு மணிக்குள் காலி செய்ய வேண்டும் என்பதால் மங்கல வாழ்த்தை ஐந்து நிமிஷத்தில் முடிக்கச் சொன்னவன் நானேதான்.

ஒரு வேடிக்கை. என் கல்யாணப் பத்திரிகையில் காங்கேயம், கோவை மாவட்டம். மகள் பத்திரிகையில் ஈரோடு மாவட்டம். பேத்தி பத்திரிகையில் திருப்பூர் மாவட்டம். ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. சுற்றி இருந்ததுதான் மாறிக்கொண்டே வந்தது.

இப்போது பேத்தி கேட்ட ஆட்டத்துக்கு வருகிறேன். ஜோடியாக ஆடுவது ஐரோப்பிய வழக்கம். அங்கேயும் அதை ஒரே நாளில் ஒப்புக்கொள்ளவில்லை. ஆணும் பெண்ணும் அணைத்துக்கொண்டு சுழலும் வால்ட்ஸ் ஆட்டத்தை 1816-ல் இளவரசர் அளித்த விருந்தில் ஆடினார்கள் என்பதற்காக, லண்டன் டைம்ஸ் பத்திரிகை பெண்ணைப் பெற்றவர்களை எச்சரித்துத் தலையங்கம் எழுதியது. இன்று அதுவே அவர்களுக்குப் பழம்பெரும் சம்பிரதாயம். கல்யாணத்தில் வாசிக்கும் இசையும் அப்படித்தான். மெண்டல்சன் 1842-ல் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றுக்காக அமைத்த அணிவகுப்பு இசையை, 1858-ல் விக்டோரியா மகாராணியின் மூத்த மகள் கல்யாணத்தில் வாசித்தார்கள். ராஜா வீட்டில் வாசித்ததும் ஊரெல்லாம் பிடித்துக்கொண்டது. வாக்னரின் "லோஹன்கிரின்" இசைநாடகத்திலிருந்து இன்னொன்று உண்டு. அந்த நாடகத்தில் கல்யாணமான இரவே ஜோடி பிரிந்து, கடைசியில் பெண் செத்துப்போகிறாள். அதைத்தான் உலகம் முழுக்கப் பெண் நடந்து வரும்போது வாசிக்கிறார்கள்.

சிரிக்க வேண்டாம். "பாசமலர்" படத்தில் அண்ணனும் தங்கையும் கடைசியில் என்ன ஆகிறார்கள்? கொட்டகையில் அழுது தீர்த்துவிட்டு வந்த அதே ஜனங்கள்தான் கல்யாணத்துக்கு அந்தப் படத்துப் பாட்டைப் போடச் சொன்னார்கள். கதையை மறந்துவிட்டு மெட்டை மட்டும் எடுத்துக்கொள்வதில் வெள்ளைக்காரனும் நாமும் ஒன்றுதான்.

கல்யாணத்தில் ஆடுவதே நமக்கு ஆகாது என்று சிலர் சொல்வதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கும்மி நம்முடையதுதானே? முருகன் வள்ளியைக் கைப்பிடித்த கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மி ஒரு கல்யாணத்தைப் பற்றிய ஆட்டம்தான். மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்ரப்பன் என்ற பெரியவருக்கு, வள்ளி ஒயில் கும்மியைக் கட்டிக் காத்ததற்காக 2024-ல், 87 வயதில், பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆண்கள் ஆடிவந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர் அவர். இன்று நம் பக்கத்து வரவேற்புகளில் பெண்கள் ஒரே நிறப் புடவையில் வட்டமாக நின்று கும்மியடிப்பதைப் பார்க்கிறோம். ஒரே வித்தியாசம், கும்மியில் ஜோடி கிடையாது. வட்டம்தான்.

இவ்வளவும் யோசித்து மூன்று பாட்டு எழுதிப் பேத்திக்கு வாசித்தேன். "மணமகளே மருமகளே."

"அது மருமகளுக்கான பாட்டு. மாப்பிள்ளைக்கு அதுல என்ன வேலைங்க அப்புச்சி?"

"வாராயென் தோழி."

"அதுவும் பொண்ணுக்குத்தான்."

"சரி, நூறாண்டு காலம் வாழ்க?"

கொஞ்சம் யோசித்தாள். "அது மத்தவங்க எங்களை வாழ்த்தறது. எங்களை நாங்களே வாழ்த்திக்கிட்டு ஆட முடியுங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. கடைசியில் அவளும் அந்தப் பையனும் முதன்முதலில் சேர்ந்து பார்த்த படத்தின் பாட்டு ஒன்றை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பாதி வார்த்தை புரியவில்லை. ஆனால் அவள் சொன்னது மனதில் தங்கிவிட்டது. ஆடுவதற்குத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம். வாழ்த்து அடுத்தவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். வந்தால் மட்டும் போதாது, அதை நாலு பேர் கேட்கவும் வேண்டும். என் கல்யாணத்திலும், மகள் கல்யாணத்திலும், நான் ஊசி வைத்த கல்யாணங்களிலும் இல்லாமல் போனது அதுதான்.

அன்று சாயங்காலமே, 1966-ல் நான் பார்த்த அந்தப் பெரியவரின் மகனைத் தேடிக்கொண்டு போனேன். பெரியவர் எண்பதுகளிலேயே காலமாகிவிட்டார். மகனுக்கும் எழுபது வயது இருக்கும். டவுனில் சலூன் வைத்திருந்து, இப்போது மூடிவிட்டார். பிள்ளைகள் திருப்பூரில் வேலையில் இருக்கிறார்கள்.

"பேத்திக்குக் கல்யாணமுங்க. மங்கல வாழ்த்து முழுசாச் சொல்லோணும். நீங்க வந்து சொல்லித் தரோணும்" என்றேன்.

"நான் சொல்றதில்லைங்க" என்றார், உடனே. குரலில் கோபம் இல்லை. "ஐயன் அத்தனை கல்யாணத்துல நின்னுட்டே சொன்னாருங்க. ஒரு வூட்லயும் உக்காருன்னு சொன்னதில்லை. எனக்கு அந்த வேலை வேண்டாம்னு அப்பவே முடிவு பண்ணிட்டனுங்க."

அந்த முடிவில் குற்றம் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? எழுந்திருக்கப் போனவன், வந்த காரியத்தில் பாதி இதுதான் என்று நினைத்து, 1966 கதையைச் சொன்னேன். ஊசியை எடுக்காமல் விட்டது நான்தான் என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"ஐயன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாருங்க. குழாய் கத்துனா அவரு பாதியோட வுட்டுருவாராம். வாயை மட்டும் அசைப்பாராம். மேளக்காரருக்கு மட்டும் கண்ணைக் காட்டுவாராம், அவரு தட்டிட்டே இருப்பாரு. ஒருத்தர்கூடக் கண்டுபிடிச்சதில்லைன்னு சொல்லுவாரு."

அப்படியானால் 1976-ல் என் கல்யாணத்தில் சொன்னது எவ்வளவு? வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதற்கு என் மனைவி, "நமக்குப் பாதி வாழ்த்துத்தான் விழுந்துதா? அதான் பாதி நாளு நீங்க பேசறது எனக்குக் காதுலயே விழறதில்லை" என்றாள்.

கிளம்பும்போது அவர் உள்ளே போய் ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தார். அவருடைய தகப்பனார் சொல்லச் சொல்ல இவர் சிறுவயதில் எழுதியது. "எடுத்துட்டுப் போங்க. உங்க வூட்டுப் புள்ளைக்கு நீங்களே சொல்லுங்க. யாரு வேண்டாங்கறாங்க?"

யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். சொன்னார்கள். "அது அவங்க சொல்ல வேண்டியது, நீ எதுக்கு?" என்று நெருங்கிய சொந்தத்திலேயே ஒருவர் முகத்தைச் சுளித்தார். "இத்தனை காலம் அவங்க நமக்குச் சொன்னாங்க. இனி நம்ம புள்ளைக்கு நாமே சொல்லிக்கப் பழகலாம்" என்றேன். மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள், சரி என்றார்கள். இரண்டு மாதம் தினமும் விடிகாலையில் தென்னந்தோப்பில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்தேன். எழுபத்தைந்து வயது மூளைக்கு அது லேசுப்பட்ட காரியம் இல்லை. பத்திரிகை அடித்து வந்ததும், வெற்றிலை பாக்கு வைத்து அவரை வீட்டோடு அழைத்தேன்.

வரவேற்பில் பேத்தியும் மாப்பிள்ளையும் அவர்கள் எடுத்த பாட்டுக்கு ஆடினார்கள். நன்றாகவே ஆடினார்கள். பிறகு அவளுடைய சேக்காளிப் பெண்கள் கும்மிக்கு வட்டம் போட்டதும், மாப்பிள்ளையையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அடி தவறித் தவறி அவரும் ஆடினார்.

மறுநாள் முகூர்த்தம். ஸ்பீக்கர் வைத்திருந்த பையனிடம் முன்கூட்டியே போய், "கெட்டிமேளம் நின்ன பொறகு அரை மணி நேரம் ஒண்ணும் போடாத சாமி" என்று சொல்லி வைத்திருந்தேன். பையனுக்கு வயது இருபதுகூட இருக்காது. "மைக் வேணுங்களா தாத்தா?" என்றான். வேண்டாம் என்றேன். தாலி ஏறியது. மேளம் நின்றது. மண்டபம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். ஒரு அடி, மேளத்தில் ஒரு தட்டு.

பாதி தூரம் நன்றாகப் போனது. சீர்களைச் சொல்லும் இடத்தில் இரண்டு அடி தாண்டிவிட்டேன் போலிருக்கிறது, எனக்கே தெரியவில்லை. மேளக்காரரும் தட்டிவிட்டார். முன்வரிசை நாற்காலியில் அந்தப் பெரியவரின் மகன் உட்கார்ந்திருந்தார். இல்லை என்று தலையை ஆட்டினார். இரண்டு விரலைக் காட்டிப் பின்னால் போகச் சொன்னார்.

பின்னால் போய், விட்ட இரண்டு அடியையும் சொல்லிவிட்டு மேலே போனேன். முடிந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு முதல் பந்திக்கு நடந்தேன்.